ஒற்று மிகும் இடம்

த்ரியெஸ்தேவில் போரா அடிக்கும் நாட்களில்
நடைபாதை ஓரம் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ரொட்டி வாங்கப் போவார்கள்.
அந்தக் காற்றில்தான் நெவென்கா குடிவந்தாள்,
சான் ஜாக்கொமோ மேட்டில் நான்காம் மாடிக்கு,
கணவனை இழந்தவள் என்ற பொய்யோடும்
சுவரில் துளையிட ஒரு சின்ன ஊசியோடும்.

என் மொழியில் வேவுக்கும்
தலையில் புள்ளி வைத்த எழுத்துக்கும் பெயர் ஒன்றுதான்: ஒற்று.
உயிர் வந்து சேராமல் அது வாய்விட்டுப் பேசாது.
அதற்கு விதித்த நேரம் அரை மாத்திரை,
பாதிக் கண்ணிமைப்பு.
இதெல்லாம் அவளுக்குத் தெரியாது.
அவள் அறிந்த அரை மாத்திரை
இரவு இரண்டு மணிக்குத்
தகட்டைக் கிழித்து, பல்லால் உடைத்து,
தண்ணீரில்லாமல் விழுங்குவது.

சுவருக்கு அப்பால் துல்லியோ பெர்த்தொக்.
குளிர்ப்பெட்டி பழுதுபார்ப்பவன். ஐம்பத்திரண்டு வயது.
ஏழு வருஷம் முன்பு கப்பல்துறை அலுவலகத்தில் வெடித்தது
அவன் கைவேலை என்கிறது கோப்பு.
செத்தவர்கள் மூவர். ஒருத்தி தரை துடைக்க வந்தவள், லிதியா.
காது சொல்வது வேறு.
மக்காச்சோள மாவு கிண்டுகிறான். அடிபிடிக்கிறது. தன்னையே திட்டிக்கொள்கிறான்.
தங்கையோடு தொலைபேசியில் சண்டை,
அம்மா கல்லறைக்குப் பளிங்கா, சாதாரணக் கல்லா என்று.
இருமுகிறான்.
இருமல் மூன்று படி இறங்கி, நாலாவதில் நின்றுவிடும்.

பதினோராம் நாள் அவளும் இருமினாள், அதே படிகளில்.
ஒத்தாவியோ ஹெட்ஃபோனைக் கழற்றினான்:
"சுவர் வழியாகவுமா சளி தொற்றும்?"
அவள் சிரிக்கவில்லை.

முப்பத்தெட்டாம் இரவு, அவள் கையெழுத்தில்:
03.10. காலடி. எங்கள் கதவுவரை. நின்றது.
(ஒத்தாவியோ துப்பாக்கியை எடுத்ததை எழுதவில்லை.
காற்று சாவித் துளையில் ஊதிக்கொண்டிருந்ததையும்.)
03.12. திரும்பியது.
மறுநாளும் அப்படியே.
ரோமிலிருந்து கேட்டார்கள், சந்தேகப்படுகிறானா?
ஆம் என்று எழுதினாள்.
வேறென்ன எழுத?

நாற்பதாம் இரவு கடிகாரம் இரண்டானது.
இத்தனை நாளும் ஒன்றுதான், அவன் தலைமாட்டில்,
டிக் என்று முடியும் ஒரே ஒரு க்.
இப்போது அந்த க் ஓய்ந்த இடத்தில்
இன்னொன்று, சமையலறைப் பக்கமிருந்து,
மெலிதாக, அரை மாத்திரை பிந்தி.
சில சொற்கள் நெருங்கி நிற்கும்போது
யாரும் கூப்பிடாமல் நடுவில் ஒற்று வந்து மிகும்.
பள்ளிக்கூடத்தில் நான் தப்புத் தப்பாக எழுதிய விதி.
அவள் தப்பு செய்யவில்லை.
"இப்போதே" என்றாள்.

கதவு உடைந்த சத்தத்தைப் போரா தின்றுவிட்டது.
மேசைமேல் மஞ்சள் மாவு, கம்பி, பால்பவுடர் டப்பா,
காலை 6.44 உதினே ரயிலுக்கு ஒரு சீட்டு.
போவதற்கு மட்டும்.
தரையில் கவிழ்ந்து கிடந்தவனை முதன்முறை பார்த்தாள்.
தன் இருமலைவிடக் குள்ளமாக இருந்தான்.

இழுத்துப் போகையில் அவள் வாசலில் கால் ஊன்றினான்.
"மாத்திரை உடைக்கிற அம்மா நீங்கள்தானா?
நாளைக்கு ரயில் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல
இரண்டு தரம் வந்தேன்.
அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பீர்கள்,
தட்ட மனசு வரவில்லை."

யாரோ முதுகில் தள்ளினார்கள்.
மூன்று படி இருமினான்.
நாலாவதில் நின்றது.

அறிக்கையில் அந்த ஆமை அடிக்கப் பேனா எடுத்தாள்.
சந்தேகப்படவில்லை என்றால் என்ன பட்டான்?
அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஏழு வருஷம் முன்பு, ஓர் இரவு,
லிதியாவின் கதவுவரை எந்தக் காலடி வந்து திரும்பியது?
பேனாவை மூடினாள். ஆம் அப்படியே இருந்தது.
தகட்டில் மிச்சப் பாதி.

6.44 நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.
நடைமேடையில் யாரோ காற்றைத் திட்டினார்கள்.